அட்டை அளவுக்கு ஒரு பிளாஷ்

கேமரா எந்தக் கம்பெனி என்று கேட்டால் பரிசு வாங்கும் குட்டு உடைந்துவிடும் என்று கைருதீன் கேட்கவே இல்லை. தேத்தூள் பெட்டி அட்டையை நறுக்கி, மனைவி நஸீராவின் கேமராவில் பிளாஷ் செருகும் காடிக்கு அளவெடுத்துக்கொண்டு, முந்தின நாளே கோலசிலாங்கூருக்குப் போய் அந்த அளவுக்கு ஒரு பிளாஷ் வாங்கி வந்துவிட்டான். நல்ல மனுஷன்தான், ஆனால் அளவு மட்டும் பார்த்து வாங்கச் சட்டைத் துணிக்கா போனான்?

புக்கிட் பெலிம்பிங் மண்டபத்தில் அன்று மாலை குமுதாவின் கல்யாண விருந்து. சொந்தத்துக்கு வெளியே நஸீராவுக்குக் கிடைத்த முதல் போட்டோ வேலை. இதில் சொதப்பினால் அடுத்து யாரும் கூப்பிடமாட்டார்கள்.

"அளவு கச்சிதமா இருக்குலா!" என்றான் கைருதீன்.

இருக்காதா? பெரும்பாலான கேமராக்களில் அந்தக் காடி ஒரே அளவுதான். ஆனால் இந்த பிளாஷ் வேறு கம்பெனி கேமராவுக்குச் செய்தது. இவள் கேமரா கேட்கும் வெளிச்சம் அதற்குப் புரியவில்லை. இருக்கிற வெளிச்சம் முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டியது. படத்தில் கைருதீன் முகம் மாவு பூசியதுபோல் இருந்தது.

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "மாத்திட்டு வந்திடவா?"

"இன்னிக்கு அந்தக் கடை லீவு மச்சான். கையாலயே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைச்சுக்கலாம். எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவுன்னுதான் பார்க்கணும். நீங்க கொஞ்சம் நிக்கிறீங்களா?"

அசாம் ஜாவாவில் அவர்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் மதியக் கூட்டம் கலைந்த நேரம். மேசை விரிப்பை முக்காடாகப் போட்டுக்கொண்டு மணப்பெண்ணாக நின்றான் கைருதீன். அவள் கல்லாவில் நின்றுகொள்ள, டீ, காப்பித் தண்ணி கலக்கும் இடத்தில், வாசலில் என்று அவள் சொன்ன இடமெல்லாம் நின்றான். சாப்பிட வந்தவர்கள் சிரித்தார்கள். "பொண்ணுக்கு மீசை இருக்கே!" என்றார் ஒருவர். அவன் அசையவில்லை. நஸீராவுக்குக் கண் கலங்கியது. தனக்காக இப்படி நிற்க ஓர் ஆள் இருக்கிறாரே என்று நிறைந்த மனதோடு பிளாஷின் அளவை மாற்றி மாற்றி எடுத்தாள்.

மாலையில் மேடையைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் போய்விட்டது. மணமக்கள் நின்றது கல்லாவிலிருந்து வாசல் தூரம். உறவினர் வரிசை தண்ணி கலக்கும் இடத்துத் தூரம். மதியம் பார்த்து வைத்த அளவுக்கு பிளாஷைத் திருப்பி வைத்து எடுத்துக்கொண்டே போனாள்.

குமுதா கேமராத் திரையை எட்டிப் பார்த்தாள். "அய்யோ, அழகா இருக்குக்கா! பிளாஷ் எங்க வாங்கினீங்க?"

பை தூக்க வந்த கைருதீன் பின்னால் நெளிந்தான்.

"எங்க வீட்டுக்காரர் எனக்குன்னே அளவெடுத்து வாங்கிக் குடுத்தாருலா," என்றாள் நஸீரா.