நார்மனுக்கு இருபத்தொன்று

என் தங்கை லொரெலுக்குப் பூனை நன்றாக அமைந்தது. புருஷன்தான் அமையவில்லை.

மெர்வின் எங்கள் ஊர் பன்பரியில் முப்பது வருஷம் கார் லைசென்ஸுக்குத் தேர்வு நடத்தியவன். தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கவில்லை என்று ஊரில் பாதிப் பேரை ஃபெயிலாக்கியவன். மனைவியின் அக்கா என்றும் பாராமல் என்னை இரண்டு தடவை. ரிட்டயரானதும் அதட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் சோபாவில் உட்கார்ந்தான். இன்னும் எழுந்திருக்கவில்லை.

லொரெல் வடக்கே இரும்புச் சுரங்க முகாமில் சமையல்காரி. மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். விமானத்தில் போவாள், விமானத்தில் வருவாள். உழைப்பவள் அவள் ஒருத்தி, உட்கார்ந்து தின்பது இவனும் நார்மனும். நார்மனை நான் குறை சொல்லமாட்டேன். அது பூனை.

அந்த நார்மனுக்குத்தான் சர்க்கரை வியாதி வந்தது. லொரெல் வேலைக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்புதான் தெரிந்தது. கால்நடை டாக்டர் ஃபருஜியா பூனைகளுக்கான ஒரு சின்ன மீட்டரைக் கொடுத்து, காலையும் மாலையும் காது ஓரத்தில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னாள். அதன் பிறகு சாப்பாடு, இன்சுலின். எங்கள் ஊர் மீட்டர் நூறு, இருநூறு என்று காட்டாது; ஆறு, ஏழு வந்தால் நிம்மதி. இருபது வந்தால் ஆபத்து, மூன்றுக்குக் கீழே போனாலும் ஆபத்து.

"நான் வந்து குத்துறேன், லொரெல்" என்றேன். நான் இருபத்தாறு வருஷம் கறிக்கடையில் வெட்டியவள். ஒரு சொட்டு ரத்தம் எனக்கு ஒரு பொருட்டா?

மெர்வின் விடவில்லை. "என் வீட்டுப் பூனைக்கு வெளியாள் எதுக்கு? அதெல்லாம் நான் பாத்துக்கறேன். ஒழுங்கா, முறையாச் செய்யணும். உனக்கு அவசரம் ஜாஸ்தி, க்ளெனிஸ்."

லொரெலுக்கு அவன் மேல் துளி நம்பிக்கை கிடையாது. முப்பது வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு எப்படி இருக்கும்? அதனால் ஒரு கட்டளை போட்டுவிட்டுப் போனாள். தினமும் இரண்டு வேளை மீட்டரில் வரும் நம்பரைப் போட்டோ எடுத்து அவளுக்கும் டாக்டருக்கும் எனக்கும் அனுப்பவேண்டும். வாயால் சொல்லும் கணக்கு செல்லாது.

போட்டோ தவறாமல் வந்தது. பதினெட்டு. பத்தொன்பது. பதினேழு. டாக்டர் முதல் வாரக் கடைசியில் மருந்தைக் கூட்டினாள். நம்பர் அசையவில்லை. இரண்டாவது வாரம் மறுபடியும் கூட்டினாள். இருபது. லொரெல் முகாமிலிருந்து என்னைக் கூப்பிட்டு அழுதாள். "என் புள்ள செத்துருவானாக்கா?" என்றாள். பத்து வயதில் எங்கள் நாய் செத்தபோது அழுதாளே, அதே அழுகை. எனக்கு அவள் மேல் பாவமாகவும் மெர்வின் மேல் எரிச்சலாகவும் இருந்தது. ஏன் எரிச்சல் என்று கேட்டால் காரணம் இல்லை. அவன் மேல் எரிச்சல்பட எனக்குக் காரணம் தேவைப்பட்டதே இல்லை.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை காலை இருபத்தொன்று என்று வந்தது. அன்று பகல் கொஞ்சம் கோழி ஈரல் வேகவைத்து எடுத்துக்கொண்டு போனேன். மெர்வின் டிவியில் ஃபுட்டி மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். ரெஃபரியைத் திட்டிக்கொண்டிருந்தான். அவன் வாழ்க்கையில் அவன் முழு மனதோடு செய்யும் வேலை அது ஒன்றுதான்.

"நார்மன் எங்கே?"

"துணி துவைக்கிற ரூம்ல தூங்கறான். தொந்தரவு பண்ணாதே."

நார்மன் தூங்கவில்லை. வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தது. தலை ஆடிக்கொண்டிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தது, பின்னங்கால் இரண்டும் பின்னிக்கொண்டு விழுந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை.

சர்க்கரை ரொம்ப இறங்கினால் இப்படி ஆகும், ஈறில் தேன் தடவவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். சமையலறை அலமாரியில் தேன் இருந்தது. விரலில் தொட்டு அதன் ஈறில் தேய்த்தேன். மறுபடி தொட்டேன், தேய்த்தேன். "யோவ் மெர்வ்! மீட்டரை எடுத்துட்டு ஓடி வா!" என்று கத்தினேன். அவன் விளம்பரம் வரும்வரை காத்திருந்து வந்தான்.

காதில் குத்தினேன். ஒன்று புள்ளி எட்டு.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றான் மெர்வின். "காலையில இருபத்தொண்ணு காட்டுச்சே."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். நான் பதில் சொல்லாமல் நார்மனின் காதைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினேன். மூன்று வாரமாகத் தினமும் இரண்டு குத்து என்றால் காது ஓரம் சல்லடையாக இருக்கவேண்டும், பொருக்குத் தட்டியிருக்கவேண்டும். நான் இப்போது குத்திய ஒரே புள்ளி இருந்தது. மற்ற காதில் அதுவும் இல்லை.

"கையக் காட்டு" என்றேன்.

"என்னத்துக்கு?"

"காட்டுய்யா!"

பத்து விரல் நுனியிலும் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள்.

"மொத நாள் அவன் என்னைக் கடிச்சுட்டான், க்ளெனிஸ்" என்றான். "அப்புறம் ஊசியைப் பாத்தாலே உடம்பெல்லாம் நடுங்குவான். நான் என்ன பண்றது? போட்டோ அனுப்பணுமே. ஒரு நாளைக்குத்தான்னு என் விரல்ல குத்தினேன். யாரும் ஒண்ணும் சொல்லல."

"பூனைக்கு உன் ரத்தமா? அறிவு கெட்டவனே! உன் நம்பரைப் பாத்துட்டு அந்த டாக்டரம்மா அவனுக்கு மருந்தக் கூட்டிக்கிட்டே போயிருக்காங்க! நீயும் ஏத்திக்கிட்டே இருந்திருக்க!"

"மருந்து ஊசி பிடரில போடறது, ரத்தம் வராது, அது எனக்கு ஒண்ணுமில்ல" என்றான் பெருமையாக. "நம்பர் ஜாஸ்தியா வந்தது எனக்கும் தெரியும். பூனைக்குன்னு பண்ணின மெஷின், மனுஷனுக்குத் தப்பாத்தானே காட்டும்? நான் யோசிக்காம இல்ல."

யோசித்தானாம். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். கறிக்கடையில் கற்றதில் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கால் மணி நேரத்தில் நார்மன் தலையைத் தூக்கி ஈரலை முகர்ந்தது. மறுபடி குத்திப் பார்த்தேன். நாலு புள்ளி மூன்று. அப்புறம்தான் டாக்டர் ஃபருஜியாவை அவளுடைய செல்லில் கூப்பிட்டேன்.

நடந்ததைச் சொன்னேன். நன்றாகச் சிரித்துச் சிரித்துச் சொன்னேன், மெர்வின் காதில் விழவேண்டும் என்று. இன்சுலினை நிறுத்தச் சொன்னாள், நார்மனை உடனே கொண்டுவரச் சொன்னாள். பிறகு அவள் குரல் மாறியது.

"க்ளெனிஸ், அந்த மீட்டர் மனுஷ ரத்தத்துக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன காட்டும்தான். ஆனா நல்லா இருக்கிற ஆளுக்கு இருபத்தொண்ணு காட்டாது. பூனையை என்கிட்ட விட்டுட்டு, அவரை இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க."

என் சிரிப்பு நின்றது. டாக்டர் சொன்னதை அப்படியே அவனிடம் சொன்னேன். அவன் தன் விரல்களைப் பார்த்தான். ஹாலுக்குப் போய் டிவியை அணைத்தான். ஆட்டம் முடியுமுன் அவன் அதை அணைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்து லொரெல் கூப்பிட்டாள். முகாமில் மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். அவன் எப்போதும் போல ஸ்பீக்கரில் போட்டான்.

"மெர்வ், இருபத்தொண்ணா? எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. எப்படி இருக்கான்? உண்மையச் சொல்லு."

மெர்வின் என்னைப் பார்த்தான். நான் நார்மனின் கூடையைத் திறந்தேன்.

"தண்ணி நிறையக் குடிக்கிறானா?"

"ஆமா" என்றான். "குடிச்சுக்கிட்டே இருக்கேன்."

சுரங்கத்தின் லாரி இரைச்சலில் அது அவளுக்குக் கேட்கவில்லை. "ராத்திரி எந்திரிக்கிறானா? இளைச்சுட்டானா?"

"நாலஞ்சு தடவை எந்திரிக்க வேண்டியிருக்கு. பெல்ட்டு நிக்க மாட்டேங்குது, லொரெல்."

"என்னது? சத்தமாப் பேசு! ஐயோ, என் கண்ணு, அவன் தனியாத் தவிக்கிறானே. நான் பக்கத்துல இருந்திருக்கணும்."

மெர்வின் சோபா நுனியில் உட்கார்ந்தான். "ஆமா லொரெல்" என்றான். "இருந்திருக்கணும்."

எனக்குப் பாவமாக இருந்தது. போயும் போயும் இந்த ஆள் மேல். நான் நார்மனைக் கூடைக்குள் வைத்து மூடி, மெர்வினின் செருப்பை எடுத்து அவன் காலடியில் போட்டேன்.