வசுதா மாவு

அம்ருதவல்லி மாமிக்குக் கொடுக்கத் தெரியும், வாங்கத் தெரியாது. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்கிறீர்களா? கோபத்தில்தான் சொல்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரில் மாமி வீட்டு மாடி ரூமில் நானும் இசக்கிசெல்வியும் வாடகைக்கு இருக்கிறோம். ரெண்டு பேருக்கும் ஊர் வள்ளியூர்ப் பக்கம். வேலை ஒரகடத்தில், செல்போனுக்குப் பாகம் செய்கிற கம்பெனியில். ரூம் கேட்டுப் போன அன்றைக்கு மாமி என் பெயரைக் கேட்டாள். நாச்சியார் என்றேன். "நாச்சியாரா! தாயார் பேருன்னா வச்சிருக்கா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெருமாள் கோயில் தாயாரின் பெயர் என்பதற்காகவே ரூம் கிடைத்தது. சாவியை மட்டும் கையில் தரவில்லை. படியில் வைத்துவிட்டு, "எடுத்துக்கோடிம்மா" என்றாள்.

மாவும் அப்படித்தான் வந்தது. மாமியின் சமையலறையில் ஒரு கண்ணாடி பாட்டிலில் புளித்த மாவு இருக்கும். ஈஸ்ட் போடாமல் அதை வைத்தே ரொட்டி சுடலாம். தினமும் அதற்கு மைதாவும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன்னால் பாதியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பொங்கி வெளியே வந்துவிடும். எடுத்த பாதியைக் கொட்ட மாமிக்கு மனசு வராது. "நாச்சியார், பாத்திரம் கொண்டுவாடி" என்று கூப்பிடுவாள். நான் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நிற்பேன். மாமி ஒரு முழம் உயரத்திலிருந்து ஊற்றுவாள். பாதி கிண்ணத்தில் விழும், மீதி என் கையில் வழியும்.

நாங்கள் அதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்துக்கொண்டோம். மாமியிடம் ஓவன் இருக்கிறது, எங்களுக்குக் குக்கர்தான். அடியில் உப்பைப் பரப்பி, உள்ளே கிண்ணத்தை வைத்து, வெயிட் போடாமல் மூடிவிடுவோம். சர்க்கரை, ஏலக்காய், டூட்டி ஃப்ரூட்டி எல்லாம் போட்டு ஞாயிற்றுக்கிழமை இனிப்பு ரொட்டி. முட்டை கிடையாது, சத்தியமாகக் கிடையாது. மாமிக்கு என்று ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போவேன். "வச்சுட்டுப் போடிம்மா, அப்பறம் சாப்பிடறேன்" என்பாள். அப்புறம் என்ன, தெருமுனை மாடு வந்து கேட்டில் நிற்கும். ஒரு தடவை அதன் வாயோரத்தில் சிவப்பு டூட்டி ஃப்ரூட்டி ஒட்டியிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். நாளாக ஆக, ஞாயிறு வந்தால் அந்த மாடு எங்களுக்கு முன்னாலேயே வந்து காத்திருக்க ஆரம்பித்தது.

"கீழ கொண்டுபோகாதட்டி, நேரா மாட்டுக்கே குடுத்துரு. அதுக்காவது நம்ம கைப்பக்குவம் தெரியுது" என்பாள் இசக்கிசெல்வி.

நான் ரோஷக்காரி. ரோஷம் இருக்கிறவள் கொடுப்பதை நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு அது வேறு மாதிரி வேலை செய்யும். என்றைக்குத்தான் வாயில் வைக்கிறாள் பார்ப்போம் என்று ஒவ்வொரு ஞாயிறும் கொண்டுபோனேன்.

அந்த மாவுக்கு வசுதா மாவு என்று பெயர். வசுதா மாமியின் ஒரே மகள், தண்டலத்தில் ஒரு காலேஜில் பாடம் எடுக்கிறாள். கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் கொடுத்த மாவை வளர்த்து, ரொட்டி சுட்டு, மாடி ரூமுக்கும் ஒரு துண்டு கொடுத்திருக்கிறாள். அப்போது மாடி ரூமில் இருந்தவர் மணிகண்டபிரபு என்கிற கோவில்பட்டிக்காரர், வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் இன்ஜினியர். ரொட்டி எத்தனை தடவை மாடி ஏறியது என்று மாமி கவனிக்கவில்லை. கவனித்தபோது ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணமே முடிந்திருந்தது. வசுதா போனாள், மாவு பாட்டில் மாமியிடமே தங்கிவிட்டது. அதற்கப்புறம்தான் மாடி ரூம் பெண்களுக்கு மட்டும் என்று ஆயிற்று.

கல்யாணத்தைக்கூட மாமி மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டாளாம். தண்டலத்தில் வீடு பார்த்துப் பால் காய்ச்சியபோது போயிருக்கிறாள், கையில் சொந்தத் தண்ணீர் பாட்டிலோடு. மகள் நீட்டிய பாலை வாங்கவே இல்லை. வசுதா அன்றோடு அம்மா வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தண்டலம் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து நிமிர்ந்தால் வந்துவிடும். எப்போதாவது போன் செய்தால் ஒரே கேள்வி, "என் மாவு உயிரோட இருக்கா?" "இருக்குடி" என்பாள் மாமி. வேறு பேச்சே கிடையாது.

போன மாதம் ஒருநாள் அந்த போன் கொஞ்சம் நீளமாக இருந்தது. மாப்பிள்ளைக்குப் புனேவுக்கு மாற்றல். கிளம்புவதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு போகிறேன், அந்த மாவில் ஒரு ரொட்டி பண்ணி வை என்றாளாம். மாமி அதைத் தெரு முழுக்கச் சொன்னாள்.

நடுவில் கிரகணம் வந்தது.

கிரகணம் என்றால் மாமி வீட்டில் தயிர், ஊறுகாய், தண்ணீர்க் குடம் எல்லாவற்றின் மேலும் தர்ப்பைப் புல் போட்டுவிட வேண்டும். புல் போடாத பண்டத்தைக் கிரகணம் விட்டதும் கொட்டிவிட வேண்டும். புல் போடுவது மாமியின் வீட்டுக்காரர் வேதாந்தம் மாமாவின் வேலை. மாமா கோயிலில் பிரபந்தம் பாடிச் சேவிக்கிறவர், பெருமாளைத் தவிர வேறு எதையும் உற்றுப் பார்க்க மாட்டார். ஓவனுக்குப் பின்னால் இருந்த பாட்டிலை விட்டுவிட்டார். மாமி குளித்துவிட்டு வந்து, புல் இல்லாததையெல்லாம் மளமளவென்று எடுத்துக் கொட்டினாள். கை பழக்கத்தில் போய்விட்டது. கொதிக்கிற வெந்நீரை விட்டு அலம்பிப் பாட்டிலைக் கவிழ்த்தபோதுதான் என்ன செய்தோம் என்று உறைத்திருக்கிறது.

மறுநாள் காலையில் நான் நைட் ஷிப்ட் முடிந்து வந்து பாயை விரித்துக்கொண்டிருந்தேன். மாமி கோயிலுக்குப் போயிருப்பாள் என்ற தைரியத்தில் இசக்கிசெல்வி கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் மாமி.

"போச்சு, வாசனை கீழ போயிருச்சுட்டி" என்று இசக்கிசெல்வி கடாயைத் தட்டால் மூடினாள். மாமி மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை.

"நாச்சியார், அந்த மாவு உங்ககிட்ட இருக்கோன்னோ?"

"எதுக்கு மாமி? மாட்டுக்கா?" என்றாள் இசக்கிசெல்வி. அவளுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

மாமி தலையைக் குனியவில்லை. "ஆமாம்டி, மாட்டுக்குத்தான் போட்டேன். ஒரு வாய் சாப்பிட்டதில்லை" என்றாள். அப்புறம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "அவ என்னை ஒண்ணே ஒண்ணுதான் கேப்பா. என் மாவு உயிரோட இருக்கான்னுவா. அதையும் என் கையாலேயே கொட்டிட்டேன். இனிமே அவ என்னண்ட என்னத்தைக் கேப்பா, சொல்லு?"

அழ ஆரம்பித்துவிட்டாள். மாதக்கணக்கில் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வசவெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. சே, இந்த மாமி தன்னைத் திட்டக்கூட விடமாட்டாள் போலிருக்கிறது.

ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தேடினேன். அந்த மாதம் ஓவர்டைம் மேல் ஓவர்டைம், மாமி கூப்பிட்டாலும் கிண்ணத்தோடு போகவில்லை, ரொட்டியும் சுடவில்லை, மாவையும் மறந்துவிட்டோம். அரிசிப் பைக்குப் பின்னால் கிடந்தது. திறந்தால் மேலே கறுப்பாகத் தண்ணீர், குப்பென்று பெயின்ட் வாடை. "செத்துப்போச்சு" என்றாள் இசக்கிசெல்வி. நான் தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் இருந்ததைக் கரண்டியால் கிளறினேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். ஒரே ஒரு கொப்புளம் எழும்பி உடைந்தது.

"உசுரு கெடக்கு மாமி" என்றேன்.

மாமி முந்தானைக்குள் மறைத்து ஒரு கிண்ணம் கொண்டுவந்திருந்தாள். நீட்டினாள். எனக்குக் குசும்பு விடவில்லை. பாட்டிலை ஒரு முழம் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தேன், மாமி எனக்கு ஊற்றுகிற மாதிரியே. மாமிக்குப் புரிந்துவிட்டது. எக்கி நின்று கிண்ணத்தைத் தூக்கி, பாட்டிலின் வாயோடு ஒட்டிப் பிடித்தாள். அவள் விரல் என் விரலில் பட்டது.

"ஊத்துடி. ஒரு சொட்டு கீழ சிந்தப்படாது."

அதற்கப்புறம் எங்களைத் தூங்க விட்டாளா? ஷிப்ட் முடிந்து கண்ணை மூடினால் படியில் நின்று, "நாச்சியார், ரெண்டு கொப்புளம் வந்திருக்கு!" என்பாள். "நாச்சியார், பாதி பாட்டில் ஏறிடுத்து!" என்பாள். எங்கள் லைன் சூப்பர்வைசர்கூட அப்படி விரட்டியதில்லை. சனிக்கிழமை மாவு பொங்கி மூடியைத் தள்ளிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வசுதா மணிகண்டபிரபுவோடு வந்தாள். மாமி எங்களையும் கீழே கூப்பிட்டிருந்தாள். மணிகண்டபிரபு எங்களைப் பார்த்துச் சிரித்து, "மாடி ரூமா? பாத்ரூம் குழாய் இன்னமும் ஒழுகுதா?" என்றார். மாமா உடனே மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

மாமி ரொட்டியை வெட்டித் தட்டில் வைத்தாள். வசுதா ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள்.

"புளிப்பு ஜாஸ்தியா இருக்கேம்மா. என் மாவுதானா இது?"

"உன் மாவேதான். உங்கம்மா கண்ணுல வச்சுப் பாத்துண்டா" என்றார் மாமா. என்றைக்கும் வாய் திறக்காத மனுஷர். நானும் ஆமாம் போடத் தயாராக இருந்தேன்.

"இல்லைடி" என்றாள் மாமி. "உன்னோடதைக் கிரகணத்தன்னிக்கு நான் கொட்டிட்டேன். இது மாடியிலேர்ந்து வந்தது. நாச்சியார் குடுத்தா."

வசுதா மெல்வதை நிறுத்தினாள். மாடி ரூம் அடுப்பில் என்னென்ன வேகும் என்று அவளுக்கா தெரியாது? அந்த ரூமில் இருந்தவரைத்தானே கட்டியிருக்கிறாள். அம்மா பக்கம் திரும்பினாள்.

"அப்போ நீ இதைச் சாப்பிட மாட்டே" என்றாள். கடித்த துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

மாமி கையை நீட்டி, வசுதா கடித்து வைத்த அந்த எச்சில் துண்டையே எடுத்தாள். வாயில் போட்டுக்கொண்டாள். நிதானமாக மென்று விழுங்கினாள்.

"புளிப்பு ஜாஸ்திதான்" என்றாள். "நீங்க புனே கிளம்பறதுக்குள்ள ஒருநாள் தண்டலம் வரேன். அன்னிக்கு நீ குடுத்தியே, ஒரு டம்ளர் பால். அது எனக்கு வேணும்."

வசுதா பையை இறக்கி வைத்துவிட்டு அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நானும் மாமா மாதிரி மின்விசிறியைப் பார்த்தேன். இசக்கிசெல்வி மட்டும் என் காதில், "ஏட்டி, எனக்கு ஒரு துண்டாவது மிஞ்சுமா?" என்றாள்.

அவள் கேட்டது சரிதான். மாமி அடுத்த துண்டை எடுத்தாள், அப்புறம் இன்னொன்று. வாசலில் மாடு கத்தியது. எட்டிப் பார்த்தேன். வழக்கம்போல கேட்டுக்குள் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. அன்றைக்கு அதற்குக் கொடுக்க ஒன்றும் இல்லை.