ஒரே ஒரு முந்தானை

உலகத்திலேயே நீளமான சேலை என்று தமிழ்நாட்டில் ஓர் ஊரார் மாதக்கணக்கில் நெய்தார்கள். நெய்து முடித்த வாரமே பக்கத்து ஊரார் அதைவிட நீளமாக ஒன்றை நெய்துவிட்டார்கள். தோற்ற சேலையை யார் வாங்குவார்? எங்கள் அலவி முதலாளி வாங்கினார். தொண்ணூற்றெட்டாம் வருடத் தீபாவளிக்கு அது கடல் தாண்டி, இலங்கையில் பதுளை பஸாரிலிருந்த அவர் துணிக்கடைக்கு வந்து இறங்கியது. மாம்பழ நிறம், அரக்குக் கரை.

அந்தக் கடையில் சேலை விரித்துக் காட்டுவது என் வேலை. சுருளைப் பிரித்ததும் நுனியில் முந்தானையைப் பார்த்தேன். கை நீளத்துக்குச் சரிகை, வரிசையாக மயில்கள். எனக்குத் தை மாதம் கலியாணம். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்தத் துண்டு ஒனக்குத்தான் சிவரூபி, எடுத்து வை" என்றார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

முந்தானையோடு ஆறு யார் எனக்கு ஒதுக்கிவிட்டு, மீதியையும் ஆறு ஆறு யார்ச் சேலைகளாக வெட்டினோம். 'சாதனைச் சேலை' என்று பலகை மாட்டியதும் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் பஸ் பிடித்து வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாளே அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள். முன்னால், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் அங்கம்மா அக்கா.

"ஏன் மொதலாளி, இதுல முந்தானை எங்க?"

முதலாளி ஒரு சேலையை வாங்கி இரண்டு நுனியையும் புரட்டிப் பார்த்தார். எவ்வளவு நீளமானாலும் ஒரு சேலைக்கு முந்தானை ஒன்றுதானே! வெட்டும்போது எங்கள் இருவருக்கும் அது உறைக்கவே இல்லை. "ஒண்ணுதான் இருந்திச்சி" என்று அந்த மனுஷன் உண்மையைச் சொல்லித் தொலைத்தார்.

"அப்ப அத எனக்குக் குடுங்க."

"அவளுக்குக் குடுத்தா எனக்கும் வேணும்!"

கடை சந்தைக்கடையாகிவிட்டது. "எல்லாரும் திருப்பித் தந்தா நான் கடைய மூடவேண்டியதுதான்" என்று முதலாளி தலையில் கை வைத்தார். நான் முந்தானைத் துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். அங்கம்மா அக்கா என்னை ஒரு தரம் பார்த்தார்.

"யாருக்கும் வேணாம். நம்ம கோயில் மாரியம்மாவுக்குச் சாத்திருவோம். நம்மளுது எல்லாம் மொட்டையாவே இருக்கட்டும்."

உடனே எல்லாருக்கும் சம்மதம். அடுத்தவளுக்கும் இல்லை என்றால் போதும், எங்கள் ஆட்களுக்கு மனசு குளிர்ந்துவிடும். நான்தான் வயிறெரிந்து கொடுத்தேன். அம்மன்மேலேயே கோபம் வந்தது. அந்தத் தீபாவளிக்குக் கோயில் பக்கமே போகவில்லை.

கலியாணத்துக்கு முதல் நாள் அங்கம்மா அக்கா தட்டோடு வந்தார். தட்டில் என் மயில்கள்.

"அம்மனுக்குச் சாத்துன சீலைய நம்ம தோட்டத்துல யாருக்குக் குடுக்கிறது? கலியாணப் பொண்ணுக்குத்தானே? ஆத்திரத்துல அதுகூட மறந்திருச்சாக்கும்! ஒன் மொகத்தப் பாத்துட்டுத்தான் அன்னைக்கு அப்படிச் சொன்னேன், கழுத."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

தாலி கட்டி, கூறைச் சேலையை மாற்றியதும் அதைத்தான் கட்டினேன். அப்போது எடுத்த படத்தில் எங்கள் தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் அதே மாம்பழச் சேலையில் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். கடைசியில் முந்தானையோடு நான்.

படத்தைப் பார்த்த அலவி முதலாளி சொன்னார்: "அல்லாஹ்வே, நாங்க வெட்டினத எல்லாம் திரும்ப ஒட்டிட்டீங்களே!"