சண்டைமீன் குழுவின் சராசரி அறிவு

க்லாத்தென் நகரத்துப் பர்யோனோ, தான் நடத்திவந்த சண்டைமீன் வளர்ப்போர் இணையக் குழுவின் சராசரி அறிவு (ஐ.க்யூ.) தொண்ணூற்றேழு என்று முகப்பில் எழுதிவைத்த வியாழக்கிழமை முதல், குழுவிலிருந்த இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பேருக்கும் அறிவு சரியாகத் தொண்ணூற்றேழு ஆனது. மீன் விலையில் மாற்றமில்லை.

மீன்காரர்களுக்கு மூளை தொட்டியளவுதான் என்று புறா வளர்ப்போர் குழு கிண்டலடித்ததால் வந்த வினை அது. பர்யோனோ முதலில் ஆளாளுக்குக் கேட்டுப் பார்த்தார். தொட்டித் தண்ணீரை மாற்ற வேண்டுமா என்று மாதம் மூன்று முறை கேட்கிற மனிதர்கூட நூற்று நாற்பத்தைந்து என்று கூசாமல் சொன்னார். ஆகவே எல்லாருடைய பழைய கேள்விகளையும் உட்கார்ந்து படித்து அவரே ஒரு மதிப்புப் போட்டார். சுராபாயாவில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஹெர்லம்பாங்குக்கு அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் குறுக்கெழுத்து பாதியில் நின்றது. கூடுஸில் ரிக்‌ஷா மிதிக்கும் ஒருவர் மகளுக்குப் பின்னக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாண்டுங்கிலிருந்து ஒரு கணிதப் பேராசிரியர் சேர்ந்த வாரம் எல்லாருக்கும் செய்தித்தாள் கொஞ்சம் சுலபமாகப் புரிந்தது. மீன் செத்து அவர் விலகியதும் பழையபடி ஆயிற்று. ஓராண்டில் இதெல்லாம் பழகிவிட்டது.

பர்யோனோவின் மனைவி லஸ்மினிக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம். கை கால் தேறியது, நினைவு தேறவில்லை. புருஷனை கேஸ் சிலிண்டர் போடுகிறவர் என்றே நினைத்திருந்தாள். "அண்ணே, சிலிண்டர அடுப்படியில வச்சிட்டுக் கெளம்புங்க, வீட்டுக்காரர் வர்ற நேரம்" என்பாள். அவரும் "சரிம்மா" என்று கிளம்பி, கொல்லைப்பக்கமாகச் சுற்றி மறுபடி உள்ளே வருவார். லஸ்மினியையும் குழுவில் சேர்த்தால் அவளுக்கும் தொண்ணூற்றேழு கிடைக்குமே என்று தோன்ற அவருக்கு ஓராண்டு ஆயிற்று. அவருக்கும் தொண்ணூற்றேழுதானே.

குழுவைக் கேட்காமல் சேர்க்க மனம் ஒப்பவில்லை. ஒரு புள்ளியை நூறு பங்காக்கினால் அதில் மூன்று பங்கு ஆளுக்குக் குறையும் என்று கணக்கோடு குழுவில் எழுதினார்.

"இன்னிக்கு உங்க சம்சாரம், நாளைக்கு ஆஸ்பத்திரியே வந்து நிக்கும்" என்று ஹெர்லம்பாங் எழுதினார். "எங்கிட்ட எடுத்தது பத்தாதா, ஐயா?"

பொயொலாலியில் காப்பிக்கடை வைத்திருக்கும் ஙாத்தினா அம்மாள் பதில் போட்டார். "ராத்திரி ஊர்க்காவலுக்கு வாசல்ல கிண்ணத்துல வீட்டுக்கு ஒரு சிட்டிகை அரிசி போட்டு வைக்கிறோமே, ஹெர்லம்பாங் ஐயா. அதுல யாரு வீட்டுல சோறு கொறஞ்சுது?"

நான்காம் நாள் ஹெர்லம்பாங், "சேத்துக்குங்க" என்று மட்டும் எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை பர்யோனோ மனைவியின் பெயரைப் பதிந்தார். அதே நிமிடம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பேரும் தாங்கள் முதன்முதலில் வாங்கிய மீனின் நிறத்தை மறந்தார்கள். லஸ்மினி டீயைக் கீழே வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"காலர் கிழிஞ்ச சட்டையோட எங்கங்க சுத்திட்டு வர்றீங்க? கேஸ்காரர் இப்பதான் போனாரு. பாவம், நல்ல மனுஷன்."

பர்யோனோ அழுதார். பிறகு எழுந்து முகப்பில் 96.97 என்று திருத்தினார்.

மறுநாளே இன்னொரு விண்ணப்பம் வந்தது. வயது எண்பத்தொன்பது, மீன் கிடையாது, சேர்க்கச் சொல்பவர் ஹெர்லம்பாங், உறவு அம்மா. யாரும் எதுவும் கேட்கவில்லை. அதன்பின் யார் யாருடைய வீட்டிலிருந்தோ இப்படி நூற்றைம்பது பேர் சேர்ந்தார்கள்; இப்போது சராசரி தொண்ணூற்று மூன்று. தொட்டித் தண்ணீரை மாற்ற வேண்டுமா என்று எல்லாரும் மாதம் மூன்று முறை கேட்கிறார்கள். மாற்ற வேண்டும் என்று எல்லாரும் பொறுமையாகச் சொல்கிறார்கள்.