எந்த மடையன் போட்டது?

லிஃப்ட் மெக்கானிக் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து சில மாதம் ஆகியும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலையில் அப்படிப்பட்டவர் இல்லை. லிஃப்ட் ஓடும் குழிக்குள் ஒரு இரும்புச் சட்டத்தில் காலை ஊன்றிக்கொண்டு அரை நாள் அசையாமல் நிற்கிற ஆள். வீட்டுக்கு வந்தால்தான் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருப்பார். எங்கே உட்கார்ந்தாலும் யாரோ இப்போதுதான் எழுந்து போன இடம் மாதிரி இருந்தது.

உண்மையும் கிட்டத்தட்ட அதுதான். மனைவிக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் கணவர் நோயில் விழுந்து போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. வீடு அவர் பார்த்துப் பார்த்துக் கட்டியது. ஆள் நல்ல உயரம் போலிருக்கிறது. பரண் கதவின் தாழ்ப்பாளை மெக்கானிக் முக்காலி போட்டுத்தான் திறக்க வேண்டியிருந்தது.

மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். யாருக்கு எது சரியாகத் தெரியவில்லை என்பது ஒரு பார்வையில் அவளுக்குப் பிடிபட்டுவிடும்.

"ஏங்க, இப்படி வளைய வளைய வந்தா எனக்குத் தலை சுத்துது. ஏதாவது வேலையைத் தொடுங்களேன்."

"என்ன வேலை இருக்கு?"

"கொல்லைப்புறம் கெடக்கே! மழை பெஞ்சா துணி காயப்போடப் போறவ திரும்பி வரும்போது ஒரு செருப்புதான் கால்ல இருக்கு."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். சமையலறைக் கதவிலிருந்து பின்சுவர் வரை பாதி இடத்துக்கு ஒரு தளம். கடைக்குப் போனார். அங்கே வரிசையாகச் சாத்தி வைத்திருந்ததைப் பார்த்தால் பலகை: ரேகை ஓடியது, கணு தெரிந்தது, வெயிலில் வெடித்த வெடிப்புகூட இருந்தது. தொட்டால் சில்லென்று கல். சிமெண்டையும் கல்தூளையும் அச்சில் வார்த்தது. கரையான் வராது, உளுத்துப்போகாது.

"ஆள்கூட வைக்க வேண்டாம் சார், நீங்களே போட்டுக்கலாம்" என்றான் கடைக்காரன். அப்படிச் சொன்னவன் ஒரு பலகையைக்கூடத் தூக்கிக் காட்டவில்லை என்பது மெக்கானிக்குக் கல் வந்து இறங்கிய பிறகுதான் உறைத்தது. வாசலில் லாரிக்காரன் அடுக்கிவிட்டுப் போனதில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். இடுப்பு கும்பிடு போட்டது.

மனைவி போனை எடுத்தாள். "தம்பி, நாளைக்கு லீவுதானே? ஒரு கை குடுக்கணுமே."

தம்பி என்றால் அவளுடைய கொழுந்தனார். இறந்தவருக்குக் கூடப் பிறந்தவர். நகராட்சிக் குளத்தில் நீச்சல் சொல்லித் தருகிறவர். மெக்கானிக்குக் குப்பென்று வியர்த்தது. அண்ணியைக் கட்டிக்கொண்டு வந்தவன் தனக்கு என்ன முறை என்று கொழுந்தனாருக்கும் தெரியாது, அவர் தனக்கு என்ன முறை என்று இவருக்கும் தெரியாது. மாமா, மச்சான், சகலை எதிலும் அடங்கவில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் பார்த்தபோதுகூட இரண்டு பேரும் கையைக் குலுக்கிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் காலையில் கொழுந்தனார் வந்தார். தோள் இரண்டும் வாசலை அடைத்தன. நேரே சமையலறைக்குப் போய், தேடாமல் ஒரு இழுப்பறையைத் திறந்து கரண்டி எடுத்து, தேடாமல் மேல் தட்டில் டம்ளர் எடுத்து, மூன்று பேருக்கும் டீ போட்டார். மெக்கானிக் இன்னமும் சர்க்கரைக்கு நாலு டப்பா திறக்கிறவர். டீ நன்றாகத்தான் இருந்தது. குடிக்கக் கஷ்டமாக இருந்தது.

மனைவி கடைக்குக் கிளம்பிப் போனாள். இருவரும் மண்வெட்டியோடு கொல்லையில் இறங்கினார்கள். ஒரு முழம் தோண்டி, ஜல்லி போட்டு இடித்து, மேலே மணல் பரப்பி, அதன்மேல் கல் பலகை என்பது திட்டம். பேச்செல்லாம் "இந்தாங்க", "அதை எடுங்க", "கொஞ்சம் தள்ளி"தான்.

"தண்ணிக் குழாய் எங்க போகுதுன்னு தெரியுமா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"சுவரை ஒட்டி. நம்பி வெட்டுங்க."

நம்பி வெட்டினார். கொல்லை நடுவில் மண்வெட்டி 'ணங்' என்றது. அடுத்த நொடி தண்ணீர் பீறிட்டு அவர் முகத்தில் அறைந்தது. அவர் இரண்டு கையாலும் பொத்த, விரலுக்கு விரல் பீச்சியது. கொழுந்தனார் சேற்றில் சறுக்கிக்கொண்டு ஓடி வால்வை மூடிவிட்டு வந்தார்.

தண்ணீர் வடிந்ததும் குழாய் தெரிந்தது. நேராகப் போகாமல் கொல்லையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருந்தது. நடுவில் ஒரு இணைப்பு, அதில் சைக்கிள் ட்யூப் சுற்றி, மேலே கட்டுக்கம்பி.

தொழில்காரர் வாய். அடங்கவில்லை.

"எந்த மடையன் போட்டது இது?"

வாயை விட்டு வெளியே போனபிறகுதான் அது யார் என்பது புரிந்தது. கொழுந்தனார் குழாயையே பார்த்தார். பிறகு திரும்பிச் சமையலறைக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, காலைக்கூடக் கழுவாமல் போய்விட்டார்.

அதற்குப்பிறகு மெக்கானிக் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். புதுக் குழாய் வாங்கி வந்து ஒட்டினார். வால்வைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். கல் அடுக்கை நாலு தடவை சுற்றி வந்தார். மனைவி வந்ததும் நடந்ததை அப்படியே ஒப்பித்தார்.

அவள் குழியை எட்டிப் பார்த்தாள். "மடையன்தான். நேரா போடுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். ரெண்டடி குழாய் மிச்சம்னாரு." சொல்லிவிட்டு அந்தக் கட்டுக்கம்பியைக் கையில் எடுத்து, மண்ணைத் துடைத்து, சமையலறை ஜன்னலில் வைத்தாள். "தம்பி கோவக்காரர் இல்ல. போய்க் கூப்பிடுங்க."

"என்னன்னு கூப்பிடறது?"



மறுநாள் அவர் போனபோது குளத்தில் சாயங்கால வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கூரைக்கடியில் ஒரே எதிரொலி. தொப்பையும் தொந்தியுமாகப் பெரிய மனிதர்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு காலை அடித்தார்கள். கொழுந்தனார் மார்பளவு தண்ணீரில் ஒருவரை வயிற்றில் தாங்கிக்கொண்டு நின்றார்.

"ஹலோ!" என்றார் மெக்கானிக். யார் காதிலும் விழவில்லை. "இங்க பாருங்க!" என்றார். சம்பந்தமில்லாத நாலு பேர் பார்த்தார்கள். அதற்குள் தண்ணீரில் இருந்தவர் "மாஸ்டர், விட்ராதீங்க மாஸ்டர்!" என்று அலறினார்.

"மாஸ்டர்!" என்று மெக்கானிக்கும் அடித்தொண்டையில் கத்தினார்.

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். தாங்கியிருந்தவரைக் கம்பியில் கொண்டுபோய் மாட்டிவிட்டு, கரைக்கு வந்து, ஏறாமல் முழங்கையை மட்டும் ஊன்றிக்கொண்டார். மெக்கானிக் ஷூவோடு ஈரத்தில் குந்தினார்.

"தெரியாம வாய்ல வந்துருச்சு. மனசுல வச்சுக்காதீங்க."

"நான் எதுக்குப் போனேன்னு நெனச்சீங்க?"

"நான் திட்டினதுக்கு."

மாஸ்டர் இல்லையென்று தலையை ஆட்டினார். "அவன் போனதுலேர்ந்து யாருமே அவனைத் திட்டினதில்ல. எல்லாரும் நல்லவன், தங்கமானவன்னே சொல்லிட்டிருக்காங்க. இருக்கும்போது அவனை ஒரு வார்த்தை சொல்லிப்பாருங்க, எங்க இருந்தாலும் சண்டைக்கு வந்துருவான். நீங்க மடையன்னதும், இதோ வெளிய வந்து பதில் சொல்லப் போறான்னு நின்னுட்டேன். நெசமாவே நின்னேன். வரல." முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டார். "அதான் போயிட்டேன்."

மெக்கானிக் கையில் கிடைத்த யாருடைய நீச்சல் கண்ணாடியின் வாரையோ முறுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில், "ஜல்லி இன்னும் இடிக்கல" என்றார்.

"நீங்க இடிச்சுக்கங்க. கல்லுக்கு வரேன்."

சொன்னபடி அடுத்த லீவுக்கு வந்தார். மணலில் இரண்டு கம்பி பதித்து, மேலே சட்டத்தை வைத்து இழுத்து மட்டம் பார்த்தார்கள். கல்லை ஆளுக்கொரு முனையாகத் தூக்கி, மூச்சைப் பிடித்து இறக்கி, ரப்பர் சுத்தியலால் தட்டினார்கள். தண்ணீர் ஓடும் வாட்டம் எந்தப் பக்கம் என்பதில் தகராறு வந்தது.

"வீட்டை விட்டு வெளிய சரியணும், மாஸ்டர்."

"சரிஞ்சுதான் இருக்கு. தண்ணி எங்க போகும்னு எனக்குத் தெரியாதா?"

"அன்னிக்குப் பார்த்தோமே, சுவரை ஒட்டி!"

மாஸ்டர் முறைத்தார். அப்புறம் கல்லை அப்படியே கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிக்கையில் கண் கலங்கியிருந்தது. மெக்கானிக் ரசமட்டத்தில் குமிழ் நிற்கிற இடத்தை அவசியத்துக்கு மேல் கவனித்துப் பார்த்தார்.

பொழுது சாய்வதற்குள் தளம் முடிந்தது. மனைவி வெறுங்காலோடு அதன்மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்து, "மரம் மாதிரியே இருக்கு, ஆனா சத்தம் போடல" என்றாள்.

முதல் மழைக்குத் தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்டு ஓடியது, ஒரு மூலையைத் தவிர. அங்கே உள்ளங்கையளவு தேங்கி நின்றது. அது யார் போட்ட மூலை என்று போனிலேயே விவாதம் நடந்தது. மழை விட்ட மறுநாள் மாஸ்டர் வந்தார். இரண்டு பேருமாக மூன்று பலகையை நெம்பி எடுத்தார்கள். மணலைக் கொத்திக்கொண்டே மாஸ்டர் பின்சுவரில் இருந்த மரக்கதவை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தக் கதவும் இத்துப்போச்சு போலிருக்கே."

"நானும் அதைத்தான் பார்த்துட்டிருக்கேன்" என்றார் மெக்கானிக். பலகை இன்னும் திரும்ப வைக்கவில்லை. அதற்குள் அளவு டேப் எடுத்துவர எழுந்து போய்விட்டார்.