ஒருமையில் ஒரு கடிதம்

“நான் செஞ்ச வேலையை நான்தான் செஞ்சேன்னு எழுதிக் கொடுங்க சார். ‘நாங்க’ன்னு ஒரு இடத்துலயும் வரக் கூடாது.”

முதலாளி உட்காரச் சொல்வதற்குள் அவள் சொல்லி முடித்துவிட்டாள். லீவு கேள், சம்பளத்தைக் கூட்டிக் கேள், வேறு நாற்காலிகூடக் கேள், ஆனால் அந்த ஒன்றை மட்டும் அந்த மனிதரிடம் கேட்டுத் தொலைக்காதே என்று அம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தாள். அம்மா இதே அலுவலகத்தைக் கூட்டித் துடைத்துத்தான் மகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தவள். முதலாளி எதற்குச் சிரிப்பார், எதற்கு முறைப்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

முதலாளி இப்போதைக்குச் சிரித்தார்.

“என்னம்மா, பாகப்பிரிவினைக்கு வந்தவ மாதிரி பேசறே? இது கம்பெனியா? குடும்பம்மா. குடும்பத்துல ஏது நீ, நான்?”

அது லிஃப்ட் கம்பெனி. புதிய லிஃப்டுகளைப் பொருத்துவார்கள், பழையவற்றைப் பழுது பார்ப்பார்கள். முதலாளியின் மேசைக்குப் பின்னால் துருப்பிடிக்காத எஃகில் மின்னும் பொத்தான் பலகைகள் வரிசையாக மாட்டியிருந்தன. எதை அழுத்தினாலும் எங்கும் போகாது. எல்லாம் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கு.

குடும்பம் என்று அவர் சொல்லும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். லிஃப்ட் ஒழுங்காக ஓடினால் “நாம கலக்கிட்டோம்மா” என்பார். அதே லிஃப்ட் இடையில் நின்றுபோனால் “நீ என்னம்மா பண்ணி வெச்சே?” என்பார். இந்தக் குடும்பத்தில் புகழ் எல்லாம் பன்மை, திட்டு மட்டும் ஒருமை.

“சார், வெளிநாட்டு விசாவுக்கு வேணும். அந்த நாட்டுக் கம்பெனி என்னை எடுத்துக்கத் தயாரா இருக்கு. ஆனா நான் நிஜமாவே இன்ஜினியர் வேலைதான் பார்த்தேனான்னு அங்க ஒரு குழு சோதிச்சுச் சொல்லணும். அவங்க சொன்னாத்தான் விசா. எனக்குக் கிடைச்சா என் வீட்டுக்காரருக்கும் குழந்தைக்கும் சேர்த்தே கிடைக்கும்.”

“அதான் போன வருஷமே ஒண்ணு கொடுத்தேனே?”

கொடுத்தார்தான். ‘எங்கள் குழுவின் பணிகளில் உற்சாகத்துடன் உதவினார்’ என்று எழுதிக் கொடுத்தார். அதைத்தான் அனுப்பினாள். கூடவே தன் வேலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி, அதிலும் பொருத்தினோம், சோதித்தோம், கண்டுபிடித்தோம் என்றே எழுதித் தள்ளியிருந்தாள். அவர்கள் ஒரே கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்: ‘யார் இந்த நாங்கள்? இதில் நீங்கள் செய்தது எது?’

அன்று முழுக்க அவளுக்கு அடங்காத கோபம். என்ன திமிர்! என்னைப் பார்த்து நீ என்ன செய்தாய் என்று கேட்கிறார்களே! ராத்திரியும் பகலும் மெஷின் ரூமில் எண்ணெயும் கரியுமாகக் கிடந்தது இவர்களுக்கு எங்கே தெரியும்? மறுநாள் அதே தாள்களை எடுத்துப் படித்துப் பார்த்தபோது கோபம் வேறு பக்கம் திரும்பியது. எழுதியதில் அவளை எங்கேயும் காணவில்லை. ‘கோளாறு சரியாகிவிட்டது’ என்று எழுதியிருந்தாள். தானாகவா சரியாகும்? சளியா பிடித்திருந்தது லிஃப்டுக்கு?

தவறு அவளுடையது மட்டும் இல்லை. செஞ்சேன் என்று சொன்னால் தலைக்கனம், செஞ்சோம் என்றால் அடக்கம், ஆயிடுச்சு என்றால் ரொம்ப நல்ல பெண். அப்படித்தான் அவளை வளர்த்தார்கள். பள்ளியில் முதல் மார்க் வாங்கியபோதுகூட “மார்க் வந்திருக்கு” என்றுதான் வீட்டில் சொன்னாள். ஏதோ தபாலில் வந்த மாதிரி.

அப்புறம்தான் வீட்டில் பயிற்சி ஆரம்பித்தது. கணவன் மர அலமாரிகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். பரீட்சை என்றாலே பள்ளிக்கூடத்துப் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்தவன். அவன்தான் பரீட்சை அதிகாரி. சமையலறை மேடைமேல் ஏறி உட்கார்ந்து கேள்வி கேட்பான். அவள் ‘நாங்க’ என்று சொல்லும்போதெல்லாம் மகள் கரண்டியால் தட்டை அடிக்க வேண்டும். மகளுக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்துப்போனது.

“சொல்லுங்க மேடம். அந்த கிளினிக் லிஃப்டுல என்ன பிரச்சினை?”

“ஆள் நிறைய ஏறினா தரைக்கு ரெண்டு விரல் கீழ போய் நிக்கும். நோயாளி படுத்திருக்கிற தள்ளுவண்டி தடுக்கும். நாங்க போய்…”

டங்!

“நான் போய்ப் பார்த்தேன். கம்பெனியில கன்ட்ரோல் போர்டை மாத்தினாங்க. சரியாகலை. மறுபடியும் மாத்தினாங்க. அப்பவும் சரியாகலை. அப்புறம் பிரேக்கைக் கழட்டி…”

“யாரு கழட்டினது? காத்தா?”

“நான் கழட்டினேன்! கியர்பாக்ஸ்ல இருந்து எண்ணெய் கசிஞ்சு பிரேக் டிரம்முல பட்டிருந்துச்சு. கனம் கூடினா வழுக்குது. அதைக் கண்டுபிடிச்சோம்…”

டங்! டங்!

“கண்டுபிடிச்சேன்டா! நான், நான், நான் கண்டுபிடிச்சேன்! போதுமா?”

கதவோரம் நின்ற அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “பொம்பளைப் புள்ள இப்படி நான் நான்னு கத்தினா நாலு பேர் என்ன நினைப்பாங்க? கட்டினவனையே டா போட்டுப் பேசறா. இவளை வெளிநாட்டுல எவன் வெச்சுக்குவான்?”

“வெச்சுக்கப் போறது அவங்க இல்ல அத்தை, இவதான் என்னை வெச்சுக்கப் போறா” என்றான் கணவன். “விசாவுல எனக்கு என்ன பேர் தெரியுமா? டிபென்டன்ட். பொண்டாட்டியை நம்பிப் பிழைக்கிறவன்னு ஒரு கவர்ன்மென்ட்டே சொல்லிடுச்சு. இனி எவனாவது கேலி பண்ணட்டும், முத்திரையைக் காட்டிடுவேன்.”

அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா அப்படித்தான். போ போ என்று வாயால் சொல்லிக்கொண்டே பையின் ஒரு காதைப் பிடித்து இழுக்கும் ரகம்.

ஆக, பேச்சு தேறிவிட்டது. கடிதம்தான் பாக்கி.

“இங்க பாரும்மா” என்றார் முதலாளி. “தனியா உன் பேரை மட்டும் போட்டா மத்தவங்க மனசு என்ன பாடுபடும்? ஒருமையில எழுதறது மரியாதையா இருக்காது.”

“மரியாதை வேணாம் சார். கணக்கு சரியா இருந்தாப் போதும்.”

முதலாளி சிரிப்பைச் சுருட்டி வைத்தார். மேசையில் இருந்த மணியை அழுத்தி, எட்டிப் பார்த்த ப்யூனிடம் சொன்னார்: “சீனியரை வரச் சொல்லு.”

சீனியர் வந்தார். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் கையெழுத்து சார். கம்பெனியில் அரசாங்க லைசென்ஸ் உள்ள ஒரே இன்ஜினியர். எந்த லிஃப்ட் ஓடத் தொடங்கினாலும் லைசென்ஸ் உள்ளவர் நேரில் நின்று சோதித்து, நான் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். அவர் கையெழுத்தை மட்டும் போடுவார். ஏணியில் ஏறுவது, குழியில் இறங்குவது, கம்பிக் கயிற்றைத் தடவிப் பார்ப்பது எல்லாம் இவள் வேலை. மடிப்புக் கலையாத அவர் சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டு யாரும் பார்த்ததில்லை.

“இந்தப் பொண்ணு என்னமோ கேக்குது. நீங்களே புத்தி சொல்லுங்க” என்றார் முதலாளி.

அவள் நேராகச் சீனியர் பக்கம் திரும்பினாள். “சார், அந்த கிளினிக் லிஃப்ட் ஏன் கீழ போய் நின்னுச்சு?”

“எது? ஆங், அதுவா? அது போர்டு… இல்ல, அதான் சரி பண்ணிட்டோமே.”

“பண்ணிட்டோம் வேணாம் சார். பண்ணேன்னு சொல்லிப் பாருங்க.”

சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் அவளுக்கு எரிச்சல். அவளுக்குக் குழந்தை பிறந்தபோது வீடு தேடி வந்து பார்த்த ஒரே ஆள். ஆனால் நல்லவர் கையெழுத்து என்பதால் பொய் நிஜமாகிவிடாது.

“இவ கேக்கறது புரியுதா உங்களுக்கு?” முதலாளியின் குரல் இறங்கியது. இதுதான் அம்மா பயந்த குரல். “சோதனை எல்லாம் இவதான் பண்ணான்னு கம்பெனி லெட்டர்ல நான் எழுதிக் கொடுத்தா, அந்த லிஃப்டுங்களுக்கெல்லாம் நீங்க போட்ட கையெழுத்து என்ன ஆகும்? நாளைக்கு எவனாவது அதைத் தூக்கிட்டு வந்தா உங்க லைசென்ஸ் போச்சு, என் கம்பெனி போச்சு. கூட்டிப் பெருக்கினவ பொண்ணாச்சேன்னு வேலை போட்டுக் கொடுத்தேன். அதுக்கு நல்லாச் செய்யறேம்மா!”



அவளுக்கு வியப்பாக இருந்தது. இத்தனை நாள் தன்னடக்கம், குடும்பம், மரியாதை என்றெல்லாம் நினைத்துக் குழம்பியது வீண். ‘நாங்க’ என்பது அடக்கமும் இல்லை, அன்பும் இல்லை. போர்வை. அதற்குள் யார் படுத்திருக்கிறார்கள் என்று வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

“எங்கம்மா தரையைத் துடைச்சாங்க சார். அதுக்கு நீங்க கூலி கொடுத்தீங்க. நான் லிஃப்ட் பார்த்தேன். அதுக்கும் கொடுத்தீங்க. இதுல தர்மம் எங்க வந்துச்சு?”

“வாய் ரொம்ப நீளுது.”

“உண்மையைச் சொல்ற அளவுக்குத்தான் சார் நீட்டியிருக்கேன்.”

முதலாளி சட்டென்று பாதையை மாற்றினார். வியாபாரி அல்லவா? கதவு மூடினால் ஜன்னல் பக்கம் போய்ச் சிரிப்பார். “சரி, கோபத்தை விடு. நேராவே கேக்கறேன். இவருக்கு இன்னும் எத்தனை நாள் ஓடும்? நீ லைசென்ஸ் பரீட்சை எழுது. செலவு என்னுது. இவர் சீட்டுல நீ உக்காரு. கார் தரேன். ஏணி ஏறவே வேணாம். புதுசா ஒரு பையன் வருவான், அவன் ஏறட்டும். நீ இங்கருந்தே கையெழுத்துப் போட்டாப் போதும்.”

சீனியர் எதிரிலேயே நிற்கும்போதே அவர் நாற்காலியை ஏலம் விட்டார். சீனியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு கணம், பொய் சொல்வானேன், அவளுக்கு அந்த நாற்காலி தெரிந்தது. குளிர்ந்த அறை. மடிப்புக் கலையாத உடை. அம்மா துடைத்த தரைமேல் செருப்போடு நடக்கலாம். அதே கணத்தில் அந்தப் புதுப் பையனும் தெரிந்தான். எங்கேயோ ஒரு குழிக்குள் நின்று மேலே அண்ணாந்து பார்க்கிறான். அவன் பார்த்ததற்கு இவள் பெயர். அவனும் ஒரு நாள் இந்த அறைக்கு வந்து நின்று இதே கேள்வியைக் கேட்பான். அப்போது அவளும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருக்கும்.

“வேணாம் சார்.”

“அவசரப்படாதே. உன் வீட்டுக்காரரை வரச் சொல்லு. ஆம்பளைங்க உக்காந்து பேசிக்கறோம்.”

இப்போது அவள் சிரித்தாள். “அவர் டிபென்டன்ட் சார். அவர்கிட்ட பேசி ஒண்ணும் ஆகாது.”

“அப்போ லெட்டர் கிடையாது. லெட்டர் இல்லாம எப்படிப் போறேன்னு நானும் பார்க்கறேன்.”

“பாருங்க சார். கம்பெனி தரலைன்னா, வேலையைக் கண்ணால பார்த்தவங்க சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்தாலும் அந்தக் குழு ஏத்துக்குமாம். கேட்டுட்டேன். கிளினிக் மேனேஜர் என் பக்கத்துலதான் டார்ச் பிடிச்சுட்டு நின்னாரு. அவரைப் போய்ப் பார்க்கப் போறேன். அன்னிக்கு என்கூட வேலை பார்த்த மெக்கானிக்கும் எழுதிக் கொடுக்கறேன்னிருக்காரு. லெட்டர் இருந்தா சுலபம். இல்லேன்னா அலைச்சல். எனக்கு அலைஞ்சு பழக்கம்தான்.”

“எல்லாம் முடிவு பண்ணிட்டுத்தான் வந்தியா? அப்புறம் எதுக்கு என்கிட்ட கேட்டே?”

நியாயமான கேள்வி. அவளே கொஞ்சம் யோசித்தாள்.

“உங்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம்னுதான் சார். நான் ஏன் போறேன்னு நாளைக்கு நீங்க வேற கதை சொல்லக் கூடாது பாருங்க.”

பையிலிருந்து மெஷின் ரூம் சாவிக் கொத்தையும் ராஜினாமாத் தாளையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். தாளை நேற்று மதியமே எழுதிவிட்டாள், கணவன் பெயின்ட் அடித்து முடித்த அலமாரி காய்வதற்குள். இரண்டே வரிதான்.

சீனியர் தலை நிமிர்ந்தார். “என்னம்மா எழுதணும், பார்த்தவங்க?” என்று கேட்டார். மெல்லிய குரல்தான். முதலாளி அவரைப் பார்த்த பார்வையில் பச்சை மரமே பற்றிக்கொள்ளும்.

“பார்த்ததை எழுதினாப் போதும் சார். நீங்க எழுதினா லைசென்ஸுக்கு ஆபத்து. வேணாம். ஆனா கேட்டீங்களே, அதுவே பெரிசு.”

உண்மையிலேயே அது பெரிது. அதற்காக அவள் நின்றுவிடவில்லை.

“கொஞ்சம் நில்லு. நாம இதை நிதானமாப் பேசி முடிச்சுக்கலாம்” என்றார் முதலாளி, பாதி எழுந்தபடி.

அவள் அதற்குள் கதவைத் திறந்திருந்தாள். கிளினிக் மேனேஜர் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிட்டால் சாயங்காலம்வரை ஆளைப் பிடிக்க முடியாது. பையைத் தோளில் இழுத்து மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள்.