மூணு குளம்புக் குட்டி

சுகுணாவின் மாடு ரெண்டு ஈத்தும் செத்த கன்றே போட்டது. இது மூணாவது சினை. கண்ணேறுதான் என்று அவளே முடிவுகட்டினாள்; கொட்டச்சேட்டு ஊருக்குள் கொள்ளிக்கண்ணுக்கா பஞ்சம்? அவள் வேலை பார்க்கும் எஸ்டேட் பங்களாவில் தங்கியிருந்து செத்துப்போன புரொபசரின் அறையைக் கூட்டும்போது, நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கின கல்லொன்று கிடைத்தது. கயிறு கட்ட வாட்டமான கல். கறுப்புக் கயிற்றில் முடிந்து மாட்டின் கழுத்தில் கட்டிவிட்டாள். யாரைக் கேட்பது, செத்தவரையா?

புரொபசரின் பெட்டிகளை எடுத்துப்போக வந்த மாணவன் ஜாபெஸ், மாட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"ஏனுங்க அக்கா, இது கல்லில்லைங்க, எலும்பு. பல லட்சம் வருசத்துக்கு முந்தி வடக்க மேஞ்ச, காலுக்கு மூணு குளம்பு வெச்ச குதிரையோடது. அதுலயும் பால்குடி மறக்காத குட்டிங்க."

"இப்ப அந்தக் குதிரைங்க எங்கிருக்குதுங்க தம்பி?"

"எங்கயும் இல்லைங்க. வம்சமே அத்துப்போச்சு."

சுகுணா மாட்டிடம் ஓடினாள். வம்சம் அத்ததைப் போய்ச் சினைமாட்டுக் கழுத்தில் கட்டினாளே, பாவி மக! கயிற்றை அறுத்து அவன் கையில் திணித்தாள். மதிய பஸ்ஸில் அவனும் எலும்பும் மலையிறங்கினார்கள்.

மறுநாள் மாடு கன்று போட்டது. கிடாரி, உசுரோடு. சுகுணா அழுதே விட்டாள். ஆனால் மாடு கன்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் வெறும் காற்றை நக்கிக்கொண்டு நின்றது, பொறுமையாக, மேலிருந்து கீழாக. கன்றை மடியில் விட்டால் உதைத்தது. பீய்ச்சிக் கொடுக்கலாமென்று உட்கார்ந்தால் மடி வற்றிக் கிடந்தது. எவனோ திருட்டுத்தனமாகக் கறக்கிறான் என்று புருசன் மூக்கன் ஊரையே வைதான்.

மூணாம் நாள் காலை, பனி கட்டுத்தறிவரை இறங்கியிருந்தது. மாடு கால் அகட்டி, கண் சொக்கி நின்றது. காம்பு தானாக இழுபட்டது. சப்பும் சத்தம் கேட்டது. மடிக்குக் கீழே ஒன்றுமில்லை. நுரை மட்டும் சொட்டியது. சாணி ஈரத்தில் மும்மூணாகக் குளம்படி. மூலையில் கன்று எழமாட்டாமல் கிடந்தது.

விளக்குமாற்றை ஓங்கினாள். அடிக்கக் கை வரவில்லை. எலும்போடு போகாமல் இங்கேயே தங்கிவிட்டதா? பால்குடி மறக்காதது என்றானே அந்தத் தம்பி. எத்தனை லட்சம் வருசத்துப் பசியோ.

"குடி சாமி," என்றாள். "ஆருமில்லாத புள்ள, நல்லாக் குடி. ஒரே ஒரு காம்ப மட்டும் எங்க கன்னுக்கு உட்டுரு."

சத்தம் நின்றது. கொஞ்சம் கழித்து மெல்ல மறுபடி தொடங்கியது. மூணு காம்பு சுருங்கின. நாலாவதில் பால் துளிர்த்து நின்றது. சுகுணா கன்றைத் தூக்கிவந்து, அந்த வெறும் இடத்தை இடித்துவிடாமல், ஓரமாக விட்டாள். மாடு உதைக்கவில்லை.